ஆடியில் அழிந்த முகூர்த்தப் புடவைகள்

சின்ன காஞ்சிபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில், பட்டுக்கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண் பக்கத்து அக்காவிடம் புலம்பியதைக் கேட்டு, நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன்.

“ஆடி மாசத்தாலதான்க்கா முகூர்த்தப் புடவை டிசைன் மொத்தமும் அழிஞ்சிபோச்சு.”

“ஆடி என்னாம்மா பண்ணுச்சு?”

“கடையில ஃபைலுங்களை ஏஐதான் பாத்துக்குது. அதுகிட்ட இருக்கிற அழிக்கிற டூலுக்கு விளக்கம் நான்தான் எழுதினேன்; அதைப் படிச்சிதான் அது எதை அழிக்கறதுன்னு முடிவு பண்ணும். ‘ஒரு மாசமா யாரும் தொறக்காததை அழிக்கும்’னு. ஆடியில எவன்க்கா கல்யாணப் புடவை பாக்க வரான்?”

“ஐயையோ! இப்ப மாத்தி எழுதிட்டியா?”

“‘அழிச்சா திரும்ப வராது, முதலாளியைக் கேட்டுட்டுதான் அழிக்கணும்’னு தெளிவா எழுதிட்டேன்.”

“அப்ப பயமில்ல.”

“நீ வேறக்கா! அது ஒவ்வொண்ணா கேக்குது. அவரு படிக்காமயே ‘சரி’, ‘சரி’ன்னு அமுக்கிக்கினு இருக்காரு.”