லிட்டருக்கு நாற்பது காசு

— உங்க சாஃப்ட்வேர்ல ஆத்துக்கு லிட்டர் நாப்பது காசுன்னு போட்டிருக்கீங்களே மாப்பிள்ளை, யாரைக் கேட்டுப் போட்டீங்க?

— அது ஆத்தோட விலை இல்ல மச்சான். உங்க சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணி ஒரு லிட்டரைச் சுத்தம் பண்ண ஆகுற செலவு. ஆத்துக்கு விலை போட எனக்குத் தெரியல. அதனால அதையே வச்சுக்கிட்டேன்.

— இருபது போடுங்க.

— இது காய்கறி இல்ல.

— காய்கறின்னா வாடிடும்னு பயந்து இறக்கிக் கொடுப்பான். ஆறு எங்க ஓடிடப் போகுது? ஜன்னலுக்கு வெளிய பாருங்க, எங்கப்பா காலத்துல இருந்து அங்கயேதான் கிடக்கு.

— கலர் மட்டும்தான் மாறுது. இன்னைக்குக் கருநீலம் ஓட்டுறீங்க போல.

— நக்கலு. என் தங்கச்சியைக் கட்டின நாள்ல இருந்து அது ஒண்ணுக்குத்தான் உங்ககிட்ட குறைச்சல் இல்ல. விஷயத்துக்கு வாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு, துணி வாங்குற கம்பெனிக்காரன் அவன் ஊர்ல உக்காந்துக்கிட்டே நம்ம கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கப் போறான். பிடிச்சா ரெண்டு வருஷ ஆர்டர். பிடிக்கலைன்னா இந்த முந்நூறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவன் பார்க்குற பக்கத்துல சிவப்பா ஒண்ணு மின்னுது. அதைப் பச்சையாக்கிட்டுக் கிளம்புங்க.

— முடியாது.

— என்ன முடியாது? நான் கேட்ட சரக்கு என்ன? சுற்றுச்சூழல்னு ஒரு பக்கம், ஓரமா ஒரு இலைப்படம், நடுவுல நாலு நல்ல நம்பர். இதுக்கு ஒரு வருஷம் எடுத்துக்கிட்டு, என் வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிட்டுட்டு, முடியாதுங்கிறீங்க.

— சிம்பிளா சொல்றேன். தனியா ஒரு பக்கம் போட்டா, அதுக்குத் தனியா ஒரு பொய் சொல்லுவீங்க. அதனால அந்தப் பக்கத்துக்குச் சொந்தமா ஒரு நம்பர்கூட நான் வைக்கல. சாயம் வாங்கின பில், கிடங்குல இறங்கின உப்பு, பாய்லர் தின்ன விறகு, போர்வெல்ல ஏறின தண்ணி, கரண்ட் மீட்டர், எல்லாம் நீங்க வியாபாரத்துக்குப் போடுற அதே பதிவுதான். ஒரு தடவை பதிஞ்சா போதும். ஸ்டாக்கும் அதைத்தான் எடுத்துக்கும், பில்லும் அதைத்தான், இலைப்படமும் அதைத்தான். இலையைத் திருத்தணும்னா மொத்த வியாபாரத்தையும் திருத்தணும்.

— இதுக்கு என்ன பேரு?

— ஆர்க்கிடெக்சர்.

— நான் துணிக்கடையில நின்ன காலத்துல இதையே வேற மாதிரி சொல்லுவோம். ஆளை உள்ள விட்டுட்டு ஷட்டரை இறக்குறதுன்னு. சரி, சிவப்பு எதனால வருது?

— சுத்திகரிப்பு பிளான்ட்டோட தனி மீட்டரால.

— அந்த மீட்டரை எவன் வைக்கச் சொன்னது?

— நீங்க. பிளான்ட்காரர் தன் ஸ்கூட்டருக்கு அங்க சார்ஜ் போடுறாருன்னு சந்தேகப்பட்டு, தனி மீட்டர் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க.

— போட்டானா?

— இல்ல. அவரு ஸ்கூட்டரும் சார்ஜ் ஆகல, உங்க பிளான்ட்டும் ஓடல. ரெஜிஸ்டர்ல இருபத்திநாலு மணி நேரமும் ஓடினதா எழுதியிருக்கு. மீட்டர்ல ஒரு லைட் எரிஞ்ச அளவுக்குத்தான் கரண்ட். தினம் மூணு லட்சம் லிட்டர் உள்ள போகுது. சுத்தமாகி வெளிய வர்றது சைபர்.

— அழிச்சிடுங்க.

— அதுவும் நீங்களே அடைச்ச வழிதான். பழைய கணக்குப்பிள்ளை நாப்பது சாய டிரம்மை மாயமாக்கினாரே, அப்ப என்ன சொன்னீங்க? நானே வந்து கால்ல விழுந்தாலும் ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னீங்க. ஒப்பந்தத்துல மூணாவது பக்கம். எழுதினவன் பேரு நிக்கும். சும்மா எட்டிப் பார்த்தவன் பேருகூட நிக்கும். சாய விலையைப் போட்டிக்காரனுக்கு யாரோ சொல்றாங்கன்னு அதையும் நீங்கதான் கேட்டு வாங்கினீங்க.

— நான் இன்னும் கால்ல விழலையே.

— விழுந்தாலும்னு எழுதியிருக்கு மச்சான்.

— பிளான்ட்காரரே, உள்ள வாய்யா. வெளிய நின்னு ஒட்டுக் கேட்டது போதும்.

— எனக்கென்ன தெரியும் முதலாளி, வரச் சொன்னீங்கன்னு நின்னேன்.

— பிளான்ட்டை ஏன்யா நிறுத்தினே?

— எனக்கென்ன தெரியும். பதினேழு வாரத்துக்கு முன்னாடி ஒரு திங்கக்கிழமை நல்ல மழை. நீங்க குடையோட வந்து, ஆத்துல தண்ணி நிறையப் போகுது, இனிமே அது பார்த்துக்கும், நீ சுவிட்சை அணைச்சிட்டு ரெஜிஸ்டரை மட்டும் எழுதுன்னீங்க. அணைச்சேன். எழுதினேன்.

— நல்ல ஞாபகம். மாப்பிள்ளை, இவன் தூங்கிட்டான்னு ஒரு வரி சேர்க்கலாமா?

— காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. சேர்க்கலாம். சேர்த்தவர் பேரும் கூடவே வரும்.

— தூங்கினவன் எப்படி மணிக்கு ஒரு தடவை ரெஜிஸ்டர் எழுதினான்னு கேப்பாங்களே முதலாளி. எனக்கென்ன தெரியும்.

— மச்சான், உங்களைப் பார்க்கவே எனக்குக் கூசுது. ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் ஆறாயிரம் வீடு இருக்கு. அவங்க அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க.

— என் வீடும் அங்கதான் சார். குழாயைத் திறந்தா, இன்னைக்குப் பட்டறையில என்ன கலர் ஆர்டர்னு பிள்ளைங்க சொல்லிடும்.

— கேட்டீங்களா? அந்தத் தண்ணியைக் குடிக்கிறவர் முன்னாடி நிக்கிறீங்க. கொஞ்சமாவது வெக்கப்படுங்க.

— படுறேன். ரொம்ப அழகாப் பேசுறீங்க மாப்பிள்ளை. ஒரே ஒரு சந்தேகம். எட்டிப் பார்த்தவன் பேரும் நிக்கும்னீங்களே, இந்தச் சிவப்பை முதல்ல எட்டிப் பார்த்தது யாரு?

— அது இப்ப எதுக்கு?

— விலை சொல்லாம சரக்கை மூடுறவனை நான் நிறையப் பார்த்திருக்கேன். பிளான்ட்காரரே, அந்த மேசையில உக்காந்து, உன் பேர்ல திறந்து, அதைப் படி.

— இருங்க முதலாளி... சுவிட்சை அணைச்சதுக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலைல ஒம்பது மணி. பார்த்தது சார். அடுத்த செவ்வாயும் சார். அதுக்கு அடுத்ததும். மொத்தம் பதினேழு தடவை. இன்னைக்கு நீங்க பார்க்குற வரைக்கும் வேற யாரும் பார்க்கல.

— பதினேழு வாரம். பார்த்துப் பார்த்து வாயை மூடியிருக்கீங்க. உங்க கடைசித் தவணையை நான் என்னைக்குக் கொடுத்தேன்?

— போன வெள்ளிக்கிழமை.

— இன்னைக்குத் திங்கள். ஆத்து மேல பாசம் சனி, ஞாயிறுல வந்துடுச்சு.

— முன்னாடியே சொல்லியிருந்தா பணத்தை நிறுத்தியிருப்பீங்க.

— நிறுத்தியிருப்பேன். நான் எப்படிப்பட்டவன்னு ஊருக்கே தெரியும், எல்லாரும் தள்ளி நிப்பாங்க. நீங்க இலைப்படம் மாட்டிக்கிட்டு வர்றீங்க. நான் அழுக்குத் தண்ணியை விட்டேன், நீங்க அதுக்கு வாடகை வசூல் பண்ணியிருக்கீங்க. சிம்பிளா சொல்றேன், நாளைக்குப் பத்து மணிக்கு அவன் உங்க பேரையும் சேர்த்துத்தான் படிப்பான். அதுக்கப்புறம் உங்க சாஃப்ட்வேரை எந்தப் பட்டறைக்காரன் வாங்குறான்னு பார்ப்போம்.

— மச்சான்.

— சொல்லுங்க.

— மீட்டர் பழுதுன்னு காரணக் கட்டத்துல ஒரு வரி போட்டுக்கலாம்.

— முடியாதுன்னீங்க?

— பதிவை மாத்த முடியாது. காரணம் சேர்க்கலாம். என்ன, உங்க பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம். பிளான்ட்டுல வேலை பார்க்குறவர் எழுதினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

— இப்பதான் நீங்க என் தங்கச்சி வீட்டுக்காரர் மாதிரி பேசுறீங்க. பிளான்ட்காரரே, சார் சொல்றதை எழுது.

— நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தப்பவே எழுதி அழுத்திட்டேன் முதலாளி. மணிக்கு ஒரு தடவை எழுதிப் பழகின கை, சும்மா இருக்க மாட்டேங்குது. இனி அழியாதுன்னு சார்தான் சொன்னாரு.

— என்னய்யா எழுதினே?

— எனக்கென்ன தெரியும், பார்த்ததை எழுதினேன். நாள் நூத்திப் பத்தொம்பது. தண்ணி மூணு கோடியே அம்பத்தேழு லட்சம் லிட்டர். நாப்பது காசு வீதம் ஒரு கோடியே நாப்பத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம். அணைக்கச் சொன்னது முதலாளி. பார்த்துட்டுப் பேசாம இருந்தது சார். ஓடுதுன்னு பொய் எழுதினது நான். குடிச்சது ஆறாயிரம் வீடு. கட்டினது சைபர். பாக்கி, முழுசும்.