விரிசலில் ஒட்டிய கண்ணாடி

கண்ணாடித் துண்டு ஒட்டச் சிமெண்டு அதிகம் வேண்டாம் ஐயா, இரண்டு முனையிலும் ஒரு விரல் அளவு போதும். சுவரில் விரிசல் விட்ட இடத்தில் குறுக்காக ஒட்டிவிட வேண்டும். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி தெறிக்கும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். எல்லப்பன் ஒட்டினால் கோணாது என்று கம்பெனி எஞ்சினியர் கோதண்டராமனே சொல்வார்.

வடக்குப்பட்டில் எரிவாயு தேடிக் கம்பெனிக்காரர்கள் ஆழத் துளை போட்டார்கள். அடியில் இருக்கிற பாறையைப் பிளக்கத் தண்ணீரை அழுத்தி இறக்குவார்கள். பம்பு ஓடினால் ஊரே அதிரும், அலமாரியில் பாத்திரம் உருளும். வீடு வீடாகக் கண்ணாடி ஒட்டிப் பார்த்து வருவது என் வேலை.

இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் பங்குனியில், நடுப்பகலில், என் தங்கை பாஞ்சாலி மேல் சுவர் சாய்ந்தது. உலை வைத்துக்கொண்டிருந்தாள், அங்கேயே போய்விட்டாள். கோதண்டராமன் வந்து பார்த்தார். "மண் சுவர்தானே, மழையில ஊறியிருக்கும்" என்று எழுதிக்கொண்டு போனார். பங்குனியில் ஏது ஐயா மழை? அன்றைக்கு என் வயிறு பற்றி எரிந்தது. அந்த ஆள் செத்தால்தான் ஆறும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அவசரப்படவில்லை. அவர் குடியிருந்ததும் பழைய வீடுதான், சாவி என்னிடம் ஒன்று உண்டு. படுக்கையறைச் சுவரில் மூன்று முறை கண்ணாடி தெறித்தது. மூன்று முறையும் அவர் வேலைக்குப் போன பிறகு புதிதாக ஒட்டி, பழசாகத் தெரிய அடுப்புக்கரி தடவினேன்.

"எல்லப்பா, எப்படி இருக்கு?"

"கண்ணாடி அப்டியே கீது சார். நிம்மதியா படுங்க."

ஆவணியில் அவர் மனைவி இசைவாணி கைக்குழந்தையோடு வந்தார். நல்ல பெண், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். தொட்டிலை எங்கே கட்டலாம் என்று கேட்டார். அந்தச் சுவரோரமாகக் கட்டுங்கள், காற்று வரும் என்றேன். கயிற்றை இழுத்துக் கட்டியதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் கண் அயர்ந்திருந்தார்கள். பம்பை முழு அழுத்தத்தில் ஓட்டினார்கள். எதிரில் புளியமரத்தடியில் நின்று, சுவர் அவர்கள் மேல் உட்காரும்வரை பார்த்தேன். வயிறு ஆறிவிட்டது ஐயா, பொய் சொல்லமாட்டேன்.

பாஞ்சாலி வீட்டுக் கண்ணாடி என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். சுவர் சாய்வதற்கு முன்பே அது தெறித்துத்தான் இருந்தது. நாளைக்கு அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், வேறு ஒட்டிவிடு என்றார் கோதண்டராமன். ஒட்டினேன். "செவுரு பொளந்துகினு கீதேண்ணா, உள்ள பொழங்கலாமா?" என்று அவள் கேட்டாள். கண்ணாடி நல்லாத்தான் கீது, பொழங்கு என்றேன். அதையும் இதோடு சேர்த்துக் கொலை என்று எழுதாதீர்கள் ஐயா, அது நான் பார்த்த வேலை.