உத்திரத்து வாசம்

சிவமலர்: இஞ்சருங்கோ, மரம் அறுக்கிற மெஷின் வாளோடை ரெண்டு பேர் படியேறி வருகினம்... இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ.

சற்குணம்: எந்த உண்மையை?

சிவமலர்: நீங்கள் சொன்ன பொய்யை!

சற்குணம்: பொய்யில்லையப்பா, கொஞ்சம் வளர்ந்துபோன கதை. கருவாடு மணக்குது எண்டு பக்கத்து லொஃப்ட் வீட்டுக்காரி கேட்டா. ‘இது பழைய மீன் கிடங்கு, வாசம் உத்திரத்திலை ஊறிக் கிடக்கு, குளிருக்கு வேர்க்குது’ எண்டன். அவ்வளவுதான்.

சிவமலர்: அவ்வளவுதானோ? ஒரு பெரியவர் ஏணியிலை ஏறி மரத்தை மோந்து பாத்திட்டு, தன்ரை பூட்டன் பிடிச்ச மீன் எண்டு கண் கலங்கினார்!

சற்குணம்: நான் அவரைக் கலங்கச் சொல்லேல்லையே.

சிவமலர்: அந்த மணத்துக்காக உத்திரத்தை வெட்டினால் கூரையும் போகும். எட்டு மாச வயித்தோடை நான் எங்கை போறது? ஹொல்ம்லியாவிலை இருந்த பழைய வீட்டையும் வித்தாச்சு...

கோபாலன்: சார், கதவு திறந்திருக்கு... வரலாமா?

சற்குணம்: வாங்கோ கோபாலன். கட்டிடக் கமிட்டிச் செயலாளரே நேரை வந்திட்டியள்...

கோபாலன்: கீழ் வீடுதானே சார். முடிவு பண்ணிட்டாங்க. மரம் போகுது, இரும்பு வருது. மூணு மாசம் நீங்க வெளிய இருக்கணும்.

சற்குணம்: தம்பி, நில்லுங்கோ... மணத்தது மரமில்லை. நாங்கள் கருவாடு பொரிச்சனாங்கள்.

கோபாலன்: கமிட்டியில பாதிப் பேர் அப்படித்தான் நெனச்சாங்க. ஆனா போன வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் திராமன் ஊர்ல ஒரு கல்யாணத்துல இருந்தீங்க. அன்னைக்கும் நாறிச்சே... அப்ப மரம்தானே?

சற்குணம்: அண்டைக்குமோ? சிவா... நான் சொன்னது உண்மைதான் போலை!

சிவமலர்: நீங்கள் பேசாமல் இருங்கோ. கோபாலன், மரம் தானாப் பொரியுமோ?

கோபாலன்: நான் சுத்த வெஜிடேரியன்க்கா, எனக்கு என்ன தெரியும்... ஐயோ, மெஷினை ஆன் பண்ணிட்டாங்க.

சிவமலர்: பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி வியாழக்கிழமை ஆரிட்டைத் திறப்பைக் குடுத்தனான்?

கோபாலன்: சாவியா... என்கிட்டதான்.

சிவமலர்: வந்து பாத்தால் பூக்கண்டு காய்ஞ்சு கிடக்கு. தாச்சியிலை எண்ணெய் நிக்குது.

சற்குணம்: இதை ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?

சிவமலர்: சொன்னால் அதுக்கும் ஒரு கதை கட்டுவியள். தம்பி தானாச் சொல்லட்டும் எண்டு பாத்தனான்... கோபாலன், அங்கை, வாள் மரத்திலை முட்டப் போகுது!

கோபாலன்: ஸ்டாப்! ஸ்டாப்...! அக்கா, கருவாட்டைக் கீழ என் அடுப்புல வறுத்தா என் பொண்டாட்டி ராஜலட்சுமி என்னை வீட்டை விட்டே தொரத்திடுவா. வெட்ட வேணாம்னு நானே சொல்லிடுறேன்... அவகிட்ட மட்டும், மரம்தான் நாறிச்சுன்னு நீங்க சொல்லுங்க.