ஆறாம் நம்பர் டிஸ்க்

இல்லை சேர், தேத்தண்ணி வேண்டாம். முதல்ல உந்த ஃபானைக் கொஞ்சம் குறையுங்கோ. மல்லாவியில இருந்து வாற ஆக்களுக்கு உது ஒத்துவராது. மூண்டு வருசமாக் கரண்ட் காணாத தேகம்.

ஓம், உங்கட கடிதம் மூண்டும் கிடைச்சது. காணாமல் போன ஆக்களின்ர விபரத்தை ஏன் ஒரே டிஸ்க்கில அனுப்பேல்லை எண்டு மூண்டிலயும் கேட்டிருந்தீங்கள். உங்கட கொழும்பு ஒப்பீசில சீடி எண்டு ஒண்டு இருக்காம், அதுக்குள்ள ஊரையே அடக்கலாமாம். நல்லது. எங்களிட்டை இருந்தது பிளொப்பி. பேர் விலாசம் மட்டுமெண்டா ஒண்டுக்க அடங்கியிருக்கும். ஆளுக்கொரு படமும் வேணுமெண்டு எழுதினது ஆர், நானே? நானூத்திப் பன்னிரண்டு முகம் சேர். கலியாண வீட்டுப் படத்தில வெட்டினது, அடையாள அட்டையில உரிச்சது, பள்ளிக்கூடத்துக் குறூப் படத்தில தலை மட்டும். ஒண்டில அடங்குமே? அந்த ஃபைலை ஒம்பது துண்டாக்கி ஒம்பது டிஸ்க்கில போட்டனான். திருப்பி ஒட்ட ஒம்பதும் வேணும்.

புதுசா அடிச்சுத் தரச் சொல்லுறீங்கள். எதில அடிக்கிறது? மாரி மழைக்குக் கொட்டில் ஒழுகி, ஜெனரேற்றரில ஓடின கொம்பியூட்டரும் மூச்சை விட்டிட்டுது. படிவம், படம் எல்லாம் கூழ். இப்ப மிஞ்சியிருக்கிறது அந்த ஒம்பது டிஸ்க்தான்.

ஒராளிட்டையே ஒம்பதையும் குடுத்து விட்டிருக்கலாமெண்டோ? நீங்கள் இடம்பெயராத ஆள் எண்டு இதிலயே விளங்குது. நாங்கள் ஒண்டையும் ஒரே இடத்தில வைக்க மாட்டம் சேர். கிளிநொச்சியால வெளிக்கிடேக்க நெல்லு ட்ரக்டரில, உடுப்புப் பெட்டி சைக்கிளில, காணி உறுதி என்ர சட்டைக்க. ஒண்டு போனாலும் மற்றது மிஞ்சும். முத்துலிங்கம் மாஸ்டர்தான் எங்கட ஒப்பீசுக்குப் பொறுப்பு. அவரும் அதே மாதிரி, வவுனியாவுக்கு, உங்களிட்டை வரப் பாஸ் கிடைக்கிற ஆக்களாப் பாத்து, ஒம்பது பேரிட்டைப் பிரிச்சுக் குடுத்தார். மாஸ்டர், இது நெல்லு மூட்டையில்லை, ஒண்டு துலைஞ்சா மற்ற எட்டும் சும்மா எண்டு சொன்னனான். மனுசன் சிரிச்சார். ஒம்பதில எட்டு வந்தாக் காணாதோ பிள்ளை, அது நல்ல புள்ளியெல்லோ எண்டார். முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்ச ஆள்.

தங்கம்மாக்கா தன்ரையை அரிசிமா ரின்னுக்க வைச்சுக் கொண்டுவந்தவா. சோதனையில ஆமிக்காரன் மாவுக்க கையை விட்டு எடுத்து, இது பாட்டோ எண்டு கேட்டிருக்கிறான். ஓம், சாமிப்பாட்டு எண்டிருக்கிறா. அவனும் பயபக்தியாத் திருப்பி மாவுக்கயே வைச்சு விட்டானாம். உங்கட ஆக்கள் மாவைத் தட்டிப்போட்டுத்தானே கொம்பியூட்டருக்க போட்டவை?

பேந்து கடைசிக் கடிதத்தில இருந்ததே ஒரு பகிடி. எட்டு டிஸ்க் வந்திட்டுது, கொம்பியூட்டர் வராத ஆறாம் நம்பரைக் கேக்குது, நாங்கள் ஏழாம் நம்பரைப் போட்டுப் பாத்தம், ஏற்கேல்லை எண்டு. அது என்ன ஊர் விதானையாரே சேர், ஆறைக் கேக்க ஏழைக் காட்டிச் சமாளிக்க?

தெரியும், தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுக்குள்ள பட்டியல் வெளிநாட்டுக்குப் போகாட்டி அந்தச் சனத்தை ஒருத்தரும் தேட மாட்டினம். அதை எனக்குச் சொல்லுறீங்களே? படலையில வந்து நிக்கிற தாய்மாருக்கு மறுமொழி சொல்லுறது நான். முந்தநாள் விமலேஸ்வரி வந்தவா. மகள் சுதாஜினியின்ர படம் அவவிட்டை இருந்தது ஒண்டே ஒண்டு. அதை எங்களிட்டைத் தந்தவா, அதுவும் மழையோட போச்சு. பிள்ளை, அவளின்ர மூக்கு எனக்கு மறந்து போகுது, உந்த டிஸ்க்கில இருந்து ஒருக்காக் காட்ட மாட்டியோ எண்டு கேட்டவா. அடுத்தநாள் விடியவே இஞ்ச வர வெளிக்கிட்டனான்.

ஆறாம் நம்பரை ஆரிட்டைக் குடுத்ததெண்டோ? கொப்பியைப் பாத்துச் சொல்லுறன் எண்டு மாஸ்டர் எழுதினவர் என்ன? கொப்பி பாக்கத் தேவையில்லை, அவருக்குத் தெரியும். பாவம், என்னைக் காட்டிக் குடுக்க மனம் வரேல்லை.

என்னட்டைத்தான் சேர். பாஸ் கிடைக்கேல்லை, கிடைக்கேல்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். பாஸ் மாசியிலயே கையில.

கிளிநொச்சியால வெளிக்கிட்ட அண்டைக்கு என்ர இவர்தான் சொன்னவர், ரெண்டு பேரும் ஒரு வழியால போகக்கூடாது எண்டு. நீ ட்ரக்டரில அக்கராயனால போ, நான் சைக்கிளில முறிகண்டியால வாறன், ஒராளாவது மிஞ்சுவம் எண்டார். நான் மிஞ்சினனான்.

அவரின்ர படிவத்தையும் நான்தான் அடிச்சனான். பட்டியலில இருநூத்திப் பதினாலாம் நம்பர். கலியாணம் முடிச்சுப் பதினொரு வருசத்தில ஒருநாளும் வாயால சொல்லாத பேரை விரலால அடிச்சனான். டிஸ்க் இஞ்ச வந்து சேராத மட்டும் அவர் பட்டியலில இல்லைத்தானே? காணாமல் போன ஆளில்லை, இன்னும் வந்து சேராத ஆள். அந்த ஒராளுக்காக மற்ற நானூத்திப் பதினொரு பேரையும் நாலு மாசமா மறிச்சு வைச்சிருந்தனான். வெக்கமாத்தான் இருக்கு. உங்களைப் பகிடி பண்ண எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

இந்தாங்கோ. லேஞ்சித் துணியில சுத்தியிருக்கு, கவனம். இப்பவே போடுங்கோ. சுதாஜினியின்ர படம் வந்தா ஒரு பிரதி எடுத்துத் தாங்கோ, கையோட கொண்டுபோய்க் குடுக்கவேணும்.

இருநூத்திப் பதினாலை மட்டும் நீங்களே ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ சேர். எழுத்துப் பிழை இருந்தாலும் இருக்கும். அதை நான் திருப்பிப் பாக்கேல்லை.