மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி

கண்டக்டர்: …ரெண்டு கையையும் மேல தூக்கு. மூச்ச இழு. ம்… நில்லு. ரைட், போலாம்… கைய இறக்கு.

மனைவி: இது பஸ் இல்ல. நாற்காலி.

கண்டக்டர்: ரிட்டயர் ஆகுற வரைக்கும் விசில் ஊதின வாய். வேற எப்படிச் சொல்லும்?

மனைவி: அந்த வாயைப் பத்தித்தான் பேசணும்.

கண்டக்டர்: பயிற்சி முடியட்டும். கோவத்தோட மூச்சு இழுத்தா முடக்குவாதம் ஏறும்னு யோகா டீச்சர் சொல்லியிருக்காங்க.

மனைவி: டீச்சர் சொல்லல. நீங்க சொல்றீங்க.

கண்டக்டர்: சரி, விரல மடக்கு.

மனைவி: மடங்கல.

கண்டக்டர்: பாதி வந்தாப் போதும்.

மனைவி: பாதியும் வரல. அத விடுங்க. காலையில கொத்தனார் வந்தாரு. மாடிப்படியில கைப்பிடி வைக்க.

கண்டக்டர்: வந்துட்டாரா… நல்லது.

மனைவி: வந்த கையோட திரும்பியும் போயிட்டாரு. எதிர் வீட்டுல இருக்காரே நம்ம ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரி, அவரு வேண்டாம்னுட்டாராம்.

கண்டக்டர்: ஏனாம்?

மனைவி: ஏனாமா? ‘உங்க வீட்டம்மா தலைகீழா நிக்கிறாங்களாமே, அவங்களுக்குக் கைப்பிடி எதுக்கு’ன்னாராம்.

கண்டக்டர்: …தோள மெதுவா சுத்து.

மனைவி: உங்க கழுத்தத்தான் சுத்தணும். சொன்னீங்களா, இல்லையா?

கண்டக்டர்: ஒரு நிமிஷம்தான் நிப்பான்னு சொன்னேன்.

மனைவி: ஒரு நிமிஷம்.

கண்டக்டர்: நம்பல. அதனால காபி குடிப்பான்னு சேர்த்தேன்.

மனைவி: தலைகீழா நின்னுக்கிட்டா?

கண்டக்டர்: ஸ்ட்ரா போட்டு. அதுக்கப்புறம்தான் நம்பினாரு.

மனைவி: என்னால சீப்பு பிடிக்க முடியல. பேஸ்ட்ட நீங்க பிதுக்கித் தர்றீங்க. அந்த ஆளு வீட்டுக் கதவ நான் முழங்கையால தட்டித் தட்டி, நின்னு நின்னு கெஞ்சி வாங்கினது அந்தக் கைப்பிடி. ஒரு ஸ்ட்ராவுல உறிஞ்சிட்டீங்க.

கண்டக்டர்: அவன் என்ன சொன்னான் தெரியுமா? கூட்டத்துல, அத்தனை பேர் நடுவுல… ‘அந்தம்மா இனிமே எங்க கீழ இறங்கப் போறாங்க’ன்னான். ஏதோ முடிஞ்சு போன ஆள் மாதிரி…

மனைவி: சொல்லிட்டுப் போறான்.

கண்டக்டர்: நான் வாய மூடிக்கிட்டு நிக்கணுமா?

மனைவி: நிக்கணும். என்னை என்ன வேணா சொல்லட்டும், இந்தப் படிக்குக் கைப்பிடி வந்தாப் போதும். நான் என்ன உங்க சர்க்கஸா? இருக்கிற வலியோட, முடிஞ்ச அளவு கையத் தூக்கி இறக்கிக்கிட்டிருக்கேன். அதச் சொல்ல உங்களுக்கு வெக்கமா?

கண்டக்டர்: வெக்கமில்லம்மா…

மனைவி: அப்ப போங்க. நான் தலைகீழா நிக்கிறதெல்லாம் பொய்யின்னு அவர்கிட்ட சொல்லுங்க.

கண்டக்டர்: கீழ கடைக்குப் போயிருக்காரு. எனக்கு முழங்கால் வேற வலிக்குது… அவரு மேல வரட்டும்.

மனைவி: முழங்காலுக்கு என்ன?

கண்டக்டர்: அதான் மழைக்காலத்துலயே சொன்னேனே. நாய் துரத்திச்சுன்னு. கன்னுக்குட்டி சைஸ். ரெண்டு சுவர் தாண்டினேன்.

மனைவி: அன்னிக்கு மூணு சுவர்.

கண்டக்டர்: மூணாவத நாய் தாண்டிச்சு.

மனைவி: அன்னிக்கு நம்ம வாசக்கதவு திறந்திருந்துச்சு.

கண்டக்டர்: எந்த… எந்தக் கதவு?

மனைவி: இதே நாற்காலி. இதே மாதிரி கையத் தூக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கண்டக்டர்: சரி, விரல இன்னொரு தடவ மடக்கு.

மனைவி: படி திரும்புற இடத்துல விழுந்தீங்க. ஓடி வந்து தூக்க முடியல. கூப்பிடவும் வாய் வரல. தூக்கின கை தூக்கினபடியே இருக்கு. நீங்க சுவரைத் தடவித் தடவி எழுந்தீங்க, சட்டையத் தட்டிக்கிட்டீங்க, உள்ள வந்து நாய்க் கதை சொன்னீங்க. மறுநாள்தான் நான் எதிர் வீட்டுக் கதவத் தட்டப் போனேன்.

கண்டக்டர்: …பார்த்தேன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல.

மனைவி: சொன்னா? ‘எனக்கு ஒரு கைப்பிடி வைங்க’ன்னு நீங்க போய்க் கேட்டிருப்பீங்களா?

கண்டக்டர்: ஓடுற பஸ்ல எதையும் பிடிக்காம நின்னவன் நான்… அது சரி, உனக்குன்னுதானே கேட்டே?

மனைவி: எனக்கா? இங்க பாருங்க… இந்த விரல வெச்சுக்கிட்டு நான் எந்தக் கைப்பிடியப் பிடிக்கப் போறேன்?