நீளமான பெயர்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவன் சொன்னான்:

"ஒருத்தர் பேரு நீளமா இருந்திச்சுன்னு பட்டுக்கடை கம்ப்யூட்டர் சர்வரே படுத்துடுச்சுடா."

நண்பன் சிரித்தான். "பேரு அவ்ளோ வெயிட்டா?"

"சின்ன காஞ்சிபுரத்து மாமா. ஊரு, அப்பா பேரு, பட்டம் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில போடற மாதிரி சொன்னாரு. ஆர்டர் எடுக்கிற கலாக்கா அப்படியே அடிச்சிச்சு. நான் எழுதிக் குடுத்த புரோகிராம்ல பேருக்கு மெமரில கொஞ்சம் இடந்தான் உட்டிருந்தேன். நீளத்த பாக்கவே இல்ல. மிச்ச எழுத்து பக்கத்துல இருந்ததெல்லாம் அழிச்சிடுச்சு."

"ரெண்டு வரி எழுதினா சரியாயிடும்."

"எழுதிட்டேன். நெட்டுலயும் ஆர்டர் வர்ற சர்வர்டா. வெவரம் தெரிஞ்சவன் வேணும்னே நீளமா அனுப்பியிருந்தா, மிஷினே அவன் கைக்குப் போயிருக்கும்."

"மொதலாளிகிட்ட சொன்னியா?"

"கலாக்கா எதையோ தப்பா அமுக்கிடுச்சுன்னு நெனச்சிக்கினாரு. எல்லார் எதிர்லயும் திட்டி, நாளைக்கு வராதன்னுட்டாரு."

"நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான்."

இவனே தொடர்ந்தான்.

"போறப்ப எங்கிட்ட வந்து, 'உன் மிஷின கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கபா'ன்னு சொல்லிச்சு."

"ஏனாத்தூர்ல எறங்கி திரும்பிப் போ. கடை தொறந்துதான் இருக்கும்."

ஏனாத்தூரில் பஸ் நின்றது. நண்பன் எழுந்து வழிவிட்டான். மாணவர்கள் ஏறி முடித்தார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். நண்பன் மறுபடி உட்கார்ந்தான், வேறு சீட்டில்.