பெருங்காயம் போடாத புளிச்சோறு

— கம்பிய விட்டுடாத ராஜாத்தி... ஐயோ, ராட்டினம் தூக்குதுடி!

— அத்தே, நீங்க கம்பியப் புடிக்கல. என் கையப் புடிச்சிருக்கீங்க.

— ரெண்டும் ஒண்ணுதான். உன் புருஷன் எங்க? டேய் தியாகேசா...

— கத்தாதீங்க அத்தே, பக்கத்துக் கூண்டுல சிரிக்கிறாங்க. உங்க மகன் அதோ கீழ நிக்கிறாங்க பாருங்க. மாமாவும் அங்கதான் இருக்காரு.

— உன் மாமா எப்படி வருவாரு? வேட்டியோட அலைக்குளத்துல எறங்கக் கூடாதுன்னு அந்த நைலான் ட்ரவுசரக் குடுத்துட்டாங்கல்ல. அதுலேருந்து துண்டச் சுத்திக்கிட்டு மரத்தடிய விட்டு நகரல மனுஷன்.

— பாவம் அத்தே.

— பாவமா? கரையில நின்னுக்கிட்டு, 'மேட்டூர் தொறந்தாத்தான் நமக்குத் தண்ணி, இவனுங்க பொத்தான அமுக்குனா அலையே வருது'ன்னு வாயப் பொளந்துக்கிட்டு இருந்தாரு. தூக்குச்சட்டிய வெயில்ல வச்சிடாம இருந்தாச் சரி. எறங்கினதும் மொதல்ல புளிச்சோறுதான், சொல்லிட்டேன்.

— ...சரிங்க அத்தே.

— என்ன சரி? காலையிலேருந்து டீத்தண்ணி மட்டும்தான் உள்ள போயிருக்கு. அந்தக் கேன்டீன்ல வேற எண்ணெய்ச் சட்டிய எட்டி எட்டிப் பாத்த. தலைய உள்ள விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்.

— உருளைக்கெழங்கு வறுவல் வாங்கலாம்னு பாத்தேன். அதே எண்ணெயிலதான் சமோசாவும் போடுறாங்க.

— போட்டா என்ன?

— ஒண்ணுமில்ல... எனக்குப் புடிக்கல.

— ஐஸ்காரன்கிட்டயும் அப்படித்தான். எல்லாரும் கோன்ல நக்கிக்கிட்டுப் போறாங்க. நீ மட்டும் கப்புல குடு, வேற கரண்டியில எடுன்னு அவன்கிட்டச் சண்ட போடுற.

— அத்தே, அத விடுங்க. வெளிய பாருங்களேன்!

— நான் கண்ணே தொறக்கல.

— ஒரே ஒரு தடவ. எனக்காக.

— ...

— அத்தே?

— அடி யம்மா...

— பாத்தீங்களா!

— இது... இது நம்ம பக்கமா? இவ்வளவு பச்சையாவா இருக்கு?

— நடவு முடிஞ்சு ஒரு மாசம்தானே ஆவுது. இப்பத்தான் பயிரு பச்ச புடிச்சிருக்கு.

— வரப்புல நின்னு பாத்திருக்கேன். வயல்ல எறங்கிக் களையும் எடுத்திருக்கேன். ஆனா இப்படி... முடியவே மாட்டேங்குதேடி. வானம் வந்து தொடற எடம் வரைக்கும் நெல்லுதானா?

— அங்க பாருங்க அத்தே. அதோ, பெரிய கோயில் கோபுரம்.

— எங்க? ஐயோ... கட்டவெரல் ஒசரந்தான் இருக்கு! அண்ணாந்து பாத்துக் கழுத்து சுளுக்கின கோபுரமா இது? கும்பிடணும்னா கம்பிய விடணுமே...

— என் கைய விட்டாப் போதும்.

— போடி. அந்தா வெள்ளியா மின்னுதே, அது வெண்ணாறா?

— ஆமா. அதுக்கு இந்தாண்ட நீலமா ஒரு தண்ணித்தொட்டி தெரியுதில்ல? அதான் நம்ம ஊரு.

— நம்ம வீடு?

— அந்தத் தென்னந்தோப்புக்குள்ள இருக்கும்.

— உங்க அம்மா வீடு?

— அதுவும் அதே தோப்ப ஒட்டித்தான்.

— நடுவுல வாய்க்கா இருக்கணுமே. மதகு இருக்கணுமே. எங்கடி, ஒண்ணையும் காணும்?

— இவ்வளவு ஒசரத்துலேருந்து தெரியாது அத்தே.

— தெரியலையா... அந்த வாய்க்காலுக்கு அந்தாண்ட நீங்க, இந்தாண்ட நாங்கன்னு எத்தன வருஷம்... ஐயோ, நின்னுடுச்சுடி! அந்தரத்துல நின்னுடுச்சு!

— ஒண்ணுமில்ல, கீழ ஆளு ஏத்துறாங்க. கொஞ்ச நேரத்துல நகரும்.

— நகரட்டும். அதுக்குள்ள ஒண்ணு கேக்கறேன். இங்க உன் மாமா இல்ல, தியாகேசன் இல்ல. மழுப்பாமச் சொல்லு.

— ...கேளுங்க.

— தையில எங்க வீட்டுக்கு வந்தவ நீ. இன்னி வரைக்கும் என் கையால ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட்டதில்ல. சாம்பார்னா வேணாங்கற. ரசம்னா நெஞ்சக் கரிக்குதுங்கற. சப்பாத்தி போட்டா ஒடனே தலைவலி வந்துடுது. வெறுஞ்சோத்துல தயிர ஊத்திக்கிட்டு எந்திரிச்சுடுற.

— அதெல்லாம் இல்ல அத்தே...

— இரு, முடிச்சுடறேன். உங்க தாத்தா வீரையன் கூலிய ஒசத்திக் கேட்டுக் கொடி புடிச்ச வருஷம், எங்க களத்துல எல்லாருக்கும் கஞ்சி ஊத்துனாங்களாம். அவருக்கு மட்டும் ஊத்தக் கூடாதுன்னு எங்க மாமனாரு நின்னாராம். 'இந்த வீட்டுச் சோறு இனிமே எங்க வாயில படாது'ன்னு உங்க தாத்தா மண்ண வாரித் தூத்திட்டுப் போனாராம். அத மனசுல வச்சுக்கிட்டா நீ...

— ஐயோ! அதுக்குன்னா நெனச்சீங்க? இத்தன மாசமா?

— வேற எப்படி நெனைக்கறது? கோவம்னா கோவம்னு சொல்லிடு. நான் தாங்கிப்பேன். தட்டத் தள்ளி வச்சுட்டு நீ எந்திரிக்கிறதத்தான் தாங்க முடியல.

— அத்தே... அழாதீங்க. கோவமே இல்ல. தாத்தா மொகமே எனக்குச் சரியா ஞாபகம் இல்ல.

— அப்பறம் என்ன?

— எனக்கு... கோதுமை ஆகாது. கோதுமை, மைதா, ரவை எதுவுமே. ஒரு துணுக்கு உள்ள போனாலும் கொடல் புண்ணாயிடும். சின்ன வயசுல தெரியல, மூணு வேளையும் சோறுதானே நமக்கு? காலேஜ் ஹாஸ்டல்ல தெனம் சப்பாத்தி போட்டாங்க. எலும்பும் தோலுமாப் போயிட்டேன். தஞ்சாவூர்ல ஒரு டாக்டரம்மாதான் கண்டுபுடிச்சாங்க. இதுக்கு மருந்து கெடையாது. அதத் தொடாம இருக்கறதுதான் மருந்து.

— தியாகேசனுக்குத் தெரியுமா?

— காலேஜ்லயே தெரியும். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன்.

— ஏன்டி அப்படி?

— வாய்க்காலுக்கு அந்தாண்ட பொண்ணெடுக்கறீங்கன்னு உங்க அண்ணன் கல்யாணத்துக்கே வரல. ஐயர் வேணாம், மால மாத்துனாப் போதும்னு எங்க அப்பா நின்னதுக்கு உங்க நாத்தனார் பாதியில எந்திரிச்சுப் போனாங்க. நீங்க ஒருத்தங்கதான் கடைசி வரைக்கும் என் பக்கத்துலயே நின்னீங்க. 'அதுலயும் சீக்காளிப் பொண்ணு'ன்னு ஒரு பேச்சு வந்துட்டா, உங்க தலைதானே குனியும்? அதான் சோறும் தயிருமா ஓட்டிக்கிட்டு இருந்தேன். வந்த புதுசுல உங்க சாம்பாரச் சாப்பிடத்தான் செஞ்சேன். பருப்புதானே, என்ன பண்ணிடும்னு நெனச்சேன். அப்பவும் வயித்தப் புரட்டுச்சு. எதனாலன்னு எனக்கே புரியல. அப்பறம் விசாரிச்சா, அதுல போடுற...

— கூட்டுப் பெருங்காயம். மைதாவச் சேத்துத்தான் கட்டியே புடிக்கிறான். தூள்லயும் மாவுதான்.

— ஆமா அத்தே, அதேதான்! நல்ல அரிசிச்சோத்துல ஒரு சிட்டிகை பெருங்காயம்... அத்தே.

— என்ன?

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நகருதுடி! கெட்டியாப் புடிச்சுக்க!

— மழுப்பாதீங்க. இருங்க... வெளிச் சாப்பாடு கூடாதுன்னு கேட்டுல எல்லார் பையையும் கொட்டிப் பாத்தாங்க. ஒரு அம்மாகிட்டேருந்து முறுக்குப் பொட்டலத்தக் கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க. நம்ம தூக்குச்சட்டிய மட்டும் விட்டாங்க. கேட்டுல நின்ன பொண்ணு காதுல என்ன சொன்னீங்க?

— என் மருமவளுக்குக் கோதுமை ஆகாது, இங்க விக்கிறது எதையும் அவ தொட முடியாதுன்னு சொன்னேன். அது நல்ல பொண்ணு. தண்ணியும் சேத்துக் குடுத்து அனுப்புச்சு.

— அப்ப தெரிஞ்சுக்கிட்டேதானா என்னப் போட்டு இவ்வளவு நேரம்... கண்ணீரெல்லாம் வேற!

— கண்ணீரு நெசந்தான். நீ வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. கீழ எப்பக் கேட்டாலும் ஓடிப் போயிடற. இங்கேருந்து எங்க ஓடுவ?

— அதுக்காகத்தான் என்ன ராட்டினத்துல ஏத்துனீங்களா? கண்ணையே தொறக்க மாட்டேன்னவங்க!

— பின்ன என்ன செய்யச் சொல்ற?

— உங்க மகன்தான் சொல்லியிருக்கணும்.

— அவனா? பொண்டாட்டி பேருல சத்தியம் பண்ணிட்டானாம், கேட்டா விட்டத்தப் பாக்கறான்.

— அப்ப யாரு?

— போன வாரம் நீ ஆபீசுக்குப் போனதும் மதகத் தாண்டினேன்.

— எங்க தெருவுக்கா? நீங்களா?

— நான்தான். கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து மொதத் தடவ. தெருவே வாசலுக்கு வந்து நின்னு பாத்துச்சு. எழவுச்சேதி கொண்டு வந்திருக்கேன்னு நெனச்சு உங்க அம்மா ஈரக்கையோட ஓடியாறா. 'சம்மந்தி'ன்னு வாய் வராம 'வாங்கம்மா, வாங்கம்மா'ங்கறா.

— அம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!

— நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். உனக்கு மட்டுந்தான் வாங்கத் தெரியுமா?

— ...அங்க போய் என்ன கேட்டீங்க?

— 'பொன்னுத்தாயி, உன் பொண்ணு என் சோத்தத் தொட மாட்டேங்குறா. எங்க மாமனார் பண்ணினதுக்கு நான் உன் காலுல விழணும்னாலும் விழறேன்'னேன். அவ என்னத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு அழுதா. அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா.

— ...

— பேசுடி. எதாச்சும் பேசு. கீழ வந்துட்டோம்.

— எங்க தெருவுல யாரும்... உங்க வீட்டுலேருந்து யாரும் அங்க வந்ததே இல்ல அத்தே. அப்ப அந்தப் புளிச்சோறு, எனக்காகப் பெருங்காயம் போடாம நீங்க செஞ்சதா?

— நான் எங்கடி செஞ்சேன்? மாவு படாத சட்டி, கரண்டி எங்க வீட்டுல ஏது? இன்னிக்கு விடியறதுக்குள்ள மறுபடியும் மதகத் தாண்டிப் போனேன். உங்க அம்மா அடுப்புல, உங்க அம்மா சட்டியில, அவ கையால கெளறுனது அது. ருசி பாருங்க சம்மந்தின்னு ஒரு கவளத்த என் உள்ளங்கையில வச்சா. ஒரு கவளத்தோட விட மனசு வரல... அங்கயே அடுப்படியில உக்காந்து வயிறாரச் சாப்பிட்டுட்டேன், மிச்சந்தான் உனக்கு.